மாதிரிக் கையொப்பம்

பன்னிரண்டு வயதில் முதல்முறை போட்டேன்.
பள்ளிச் சுற்றுலாவுக்குச் சம்மதத் தாள்:
பென்குயின் தீவு, படகுக் கட்டணம் தனி.
அம்மா பேனாவை மூன்று முறை தவறவிட்டாள்
நான்காம் முறை என்னிடம் நீட்டினாள்,
உப்பை அந்தப் பக்கம் தள்ளு என்பதுபோல.

யஸ்னா கார்செவிச்.
முதல் எழுத்தின் வால் அடியில் ஓடிப்போய்
கடைசி எழுத்தைத் தொட்டுத் திரும்பும்.
அந்த வாலுக்காக
மின்கட்டண ரசீதுகளின் முதுகில்
ஒரு வாரம் பழகினேன்.
சுற்றுலாவுக்குப் போகவில்லை, அது வேறு கதை.
அன்றுதான் குளியலறையில் விழுந்தாள்.

பிறகு நிறுத்தவே இல்லை.
தம்பியின் மதிப்பெண் அட்டையில்,
மருந்தகப் பதிவேட்டில்,
எரிவாயுக்காரர் கதவிடுக்கில் நீட்டும் சீட்டில்,
என் வருகைக் குறைவுக்கு விளக்கம் கேட்ட கடிதத்தில்
'மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது'
என்று எழுதி, கீழே அம்மாவானேன்.

எனக்குச் சளி பிடிப்பதில்லை.
நேரம் எங்கே.
ஐந்தரைக்கு அவள் கால்களை மடக்கி நீட்ட வேண்டும்.
இடது முழங்கால் முரண்டு பிடிக்கும்
பனியில் உறைந்த கதவுக் கீல்போல.
அமாரோவுக்குக் காலுறை ஜோடி சேராது, அழுவான்.
அவளை நாற்காலிக்கு மாற்றும்போது
ஒன்று, இரண்டு என எண்ணுவோம்,
மூன்றை யாரும் சொன்னதில்லை,
அதற்குள் தூக்கியிருப்பேன்.
என் கழுத்தைச் சுற்றும் அந்தக் கை
நண்டு ஆலையில் நாளுக்கு எண்ணூறு ஓடு உடைத்த கை.

அக்டோபரில் வங்கி கூப்பிட்டது.
உதவித்தொகைக் கணக்கைப் புதுப்பிக்க
உரியவர் நேரில் வரவேண்டும்.

பூந்தா அரேனாஸில் அக்டோபர் என்றால் காற்று.
சதுக்கத்தில் நகராட்சி கயிறு கட்டிவிடும்
பிடித்து நடக்க.
நாற்காலி தள்ளுகிறவளுக்கு மூன்றாம் கை கிடையாது.
அமாரோ ஒரு கையில் கயிறும்
மறு கையில் என் சட்டையுமாக வந்தான்.
நீரிணை முழுக்க வெள்ளை நுரை.
"குடையை விரி,
அக்கரை போர்வேனிருக்கே போய்விடலாம்"
என்று அம்மா சிரித்தாள்.
வாய்க்குள் மணல்.

வரிசை எங்கள் பின்னால் இருமிக்கொண்டு நின்றது.
பேனாவை இரண்டு கையாலும் பிடித்தாள்.
நான்கு நிமிடம்.
கோழிக் கிறுக்கல்கூட இல்லை அது.
எண்ணூறில் தப்பிய ஒரு நண்டு
திரும்பி வந்து தாளில் நடந்ததுபோல.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.
"முகம் சரி. கையெழுத்து பொருந்தவில்லை."

எட்டிப் பார்த்தேன்.
திரையில் இருந்தது என் கையெழுத்து.
இரண்டு வருடம் முன்பு தபாலில் வந்த படிவத்தில்
அழுத்தம் திருத்தமாக நான் போட்டது,
வால் நீண்டு, தொட்டு, திரும்பி.
என்னைப் போல எழுத வராததால்
என் அம்மா
என் அம்மா இல்லை.

"அச்சுப்பொறியில் மை தீர்ந்திருக்கும்,
பார்த்துவிட்டு வருகிறேன்"
என்று அந்தப் பெண் எழுந்து போனாள்.
பேனாவை எடுத்துப் போகவில்லை.
ரொம்ப நேரம் வரவில்லை.
புரியாதவளா நான்?
கை நீட்டினேன்.

அம்மா தாளின்மேல் முழங்கையை வைத்துவிட்டாள்.
அந்தப் பெண் வந்ததும் கேட்டாள்:
"மாதிரியை மாற்ற என்ன படிவம்?
இனி இதுதான் என் கையெழுத்து."

இன்னொரு நான்கு நிமிடம்.
வரிசையில் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.
அமாரோ திரும்பி முறைத்தான்.

இரவு, அவர்கள் தூங்கியபின்,
ரசீதைத் திருப்பிப் போட்டு முயன்றேன்.
இடது கையால். கண்ணை மூடி.
மேசைக் காலை உதைத்துக்கொண்டே.
நடுக்கம் வரவில்லை.
எப்படிப் போட்டாலும் நேராகவே போகிறது
பதினாறு வயதுக் கை.

பள்ளியிலிருந்து வந்த புதுக் கடிதம்
உறைக்குள் அப்படியே இருக்கிறது.
இதற்கு அவளே போடட்டும்,
சளி என்று எழுதுவதா வேண்டாமா
அதையும் அவளே சொல்லட்டும்.

கடிகார மணியை
ஐந்து இருபத்தாறுக்கு வைத்தேன்.